விதைக்குள் இருக்கும் பட்டம்

தென்காசிப் பக்கம் ஆய்க்குடி வயக்காட்டில் வருஷத்துக்கு இரண்டு நெல். குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் ஆனி, ஆடியில் நட்டுப் புரட்டாசி வாக்கில் அறுப்பது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். காருக்குத் தண்ணீர் மேற்கே மலையிலிருந்து வருகிறது. மேக்கரைப் பக்கம் அடவிநயினார் அணை 132 அடியை எட்டிவிட்டால் அனுமன் நதிப் பாசனத்தில் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி. பிசானம் அப்படி இல்லை. அது குளத்தை நம்பிய பயிர். ஐப்பசி முதல் வாரத்திலேயே குளம் பெருகி மறுகால் பாய்கிற வருஷம் உண்டு. கார்த்திகை பாதி கடந்தும் கடைமடைக் குளத்துக்குள் மாடு மேய்கிற வருஷமும் உண்டு. இந்த நிச்சயமின்மைக்கு நடுவே ஒரு கேள்வி: நாற்றுப் பாவுகிற தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால் அறுப்பும் ஒரு மாதம் தள்ளிப்போகுமா? இன்று வயலில் இருக்கிற விதைகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஆமாம், அப்படியே தள்ளிப்போகும். பழைய நீண்ட காலச் சம்பா நெல்களில் பலவற்றுக்கு அப்படிப் போகாது. முன்னால் விதைத்தாலும் பின்னால் விதைத்தாலும் அவை ஏறக்குறைய ஒரே வாரத்தில் கதிர் ஈனும். பட்டம் பஞ்சாங்கத்தில் மட்டும் இருப்பதாக நாம் நினைக்கிறோம். இந்த நெல்களில் அது விதைக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஒரு செடிக்குப் பருவம் எப்படித் தெரிகிறது என்பதை முறையாகச் சோதனை போட்டுப் பார்த்த முன்னோடிகளில் சிலர் நெல்லைத் தொடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது பனி நாட்டுத் தானியமான குளிர்கால ரை. அந்த ஆராய்ச்சி தென்காசிக் குளத்துப் பாசனத்துக்கு நேராகப் பொருந்தும் ஒரு பாடத்தைச் சொல்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ரையைக் கம்பு என்று தமிழில் பெயர்ப்போர் உண்டு. அது சரியில்லை. கம்பு வெயிலுக்குப் பிறந்த புஞ்சைத் தானியம். ரை கோதுமைக்கு உறவு, குளிருக்குப் பிறந்தது. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் கறுத்த ரொட்டி இதிலிருந்து வருகிறது. கோதுமை நிற்காத மணல்சாரி நிலத்திலும் ரை நிற்கும். ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் இதன் பூர்வீகத்தைத் தேடியபோது, மேற்காசியக் கோதுமை வயல்களில் களையாக முளைத்த புல்தான் ரை என்று கண்டார். கோதுமையை வடக்கேயும் மலைமேலும் கொண்டு போகப் போக, குளிர் தாங்காமல் கோதுமை பின்தங்கியது. களை முந்திக்கொண்டு பயிரானது. இதில் வசந்தத்தில் விதைக்கும் வகை ஒன்று, குளிர்காலத்துக்கு முன்பே விதைக்கும் வகை ஒன்று. குளிர்கால ரையை நம் புரட்டாசிக் கணக்கில் விதைப்பார்கள். முளைத்து, கொஞ்சம் தூர் விட்டு, தரையோடு படிந்தபடி மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடக்கும். பனி உருகியதும் தண்டு உருண்டு கதிர் ஈனும், ஆடியில் அறுவடை. அதே விதையைக் குளிர் முடிந்தபிறகு, சித்திரை வெயிலில் விதைத்தால் என்ன ஆகும்? முளைக்கும், தழைக்கும், தூர் கட்டும். அந்தக் கோடை முழுவதும் புல்லாகவே நிற்கும். உரத்தைக் கொட்டினாலும் தண்ணீரைப் பாய்ச்சினாலும் கதிர் எட்டிப் பார்க்காது.

ஜெர்மன் தாவரவியலாளர் குஸ்தாவ் காஸ்னர் 1918இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. பெர்லினுக்குத் தெற்கே பெட்குஸ் என்ற ஊரில் 1881 முதல் தேர்வு செய்து வளர்த்த ரை ரகம் ஒன்று அப்போது பெயர்பெற்றிருந்தது. அதை எடுத்து, விதைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் முளைகட்டினார். ஒரு பங்கு உறைநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே, இன்னொரு பங்கு நல்ல கதகதப்பில். பிறகு எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் நட்டார். குளிரில் முளைத்த குளிர்கால ரை, வசந்தத்தில் நட்டும் கதிர் ஈன்றது. கதகதப்பில் முளைத்தது புல்லாகவே நின்றது. அப்படியானால் செடி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. குளிர் வந்து போனதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஃபிரெடரிக் கிரிகரியும் ஒலிவ் பர்விஸும் 1930களில் இதே பெட்குஸ் ரையைக் கையில் எடுத்து இன்னும் ஆழமாகப் போனார்கள். வசந்த ரை ஏழு இலைக்குருத்து விட்டதும் கதிருக்குத் திரும்பிவிடும். குளிர் காணாத குளிர்கால ரை இருபதுக்கும் மேல் இலைவிட்ட பிறகுதான், அதுவும் மெல்ல, திரும்புகிறது. விதையிலேயே சில வாரம் குளிர் கொடுத்துவிட்டால் அதுவும் ஏழிலேயே திரும்புகிறது. ஊசி முனையால் விதையின் முளைக்கருவை மட்டும் பிரித்தெடுத்து, சர்க்கரைக் கூழில் வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தாலும் பலன் அதேதான். தாய்ச்செடியில் முற்றாத கதிரைக் குளிர வைத்தாலும் உள்ளே இருக்கும் கரு அந்தக் குளிரை நினைவில் வைத்துக்கொள்கிறது. நினைவு என்ற சொல்லை இங்கே நான் அழகுக்காகப் போடவில்லை. குளிர் போய்ப் பல வாரம் கழித்து, அந்தக் குளிரைக் காணாத புதிய திசுக்களிலும் அதன் விளைவு தெரிகிறது. குளிர் கொடுத்த கையோடு சில நாள் 35 டிகிரி வெக்கையில் வைத்தால் அந்த நினைவு அழிந்தும் போகிறது. நம் பள்ளிப் பாடநூல்கள் இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர் வைத்திருக்கின்றன.

இதே கண்டுபிடிப்பு சோவியத் ரஷ்யாவில் ஒரு பெருந்துயரத்துக்கும் வழி திறந்தது. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையில்லை. 1920களின் முடிவில் த்ரோஃபிம் லைசென்கோ, விதையை ஈரப்படுத்திக் குளிரில் வைத்து விதைத்தால் விளைச்சல் பெருகும் என்று அரசை நம்பவைத்தார். பிறகு இன்னொரு படி போய், அப்படிப் பழக்கிய குணம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கும் என்றார். அது உண்மையில்லை. ரை விதை ஒவ்வொரு தலைமுறையிலும் குளிரைப் புதிதாகக் கேட்கிறது. தாய் பட்ட குளிர் பேரனுக்கு ஆகாது. மரபியலை எடுத்துச் சொன்ன வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார். உலகமெங்கும் விதை சேகரித்த மனிதர் பட்டினியில் வாடிச் செத்தார். விதையைப் பற்றி அவசரமாக வாக்குக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. ஆகவே இனி நெல்லைப் பற்றிச் சொல்லப்போவதையும் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

நெல்லுக்குப் பனி தேவையில்லை. ஆனால் அதற்கும் ஒரு காவல் உண்டு; அந்தக் காவல் வெளிச்சம். 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் புகையிலையிலும் சோயாவிலும் ஒன்றைக் காட்டினார்கள்: சில செடிகள் பகல் குறைந்தால்தான் பூக்கும், சில பகல் நீண்டால்தான் பூக்கும். உண்மையில் செடி அளப்பது இரவின் நீளத்தை என்பது பின்னால் தெரிந்தது. நடு இரவில் சற்று நேரம் விளக்குப் போட்டால் குறும்பகல் செடி ஏமாந்து போகும். வயலோரம் தெருவிளக்கு எரிகிற இடத்தில் அதன் வெளிச்சம் விழுகிற வட்டத்தில் மட்டும் நெல் கதிர் விடாமல் பச்சையாக நிற்பதற்கு இதுதான் காரணம். நெல் குறும்பகல் செடி. ரையோ, குளிர் முடிந்தபின் நீண்ட பகலைக் கேட்கிற செடி. இரண்டும் பிறந்த இடத்தின் நியாயம் இது. மேற்காசியாவில் மழை குளிர்காலத்தில் வரும். பூக்கத் தோதான காலம் அதன் பிறகு, பகல் நீளும்போது. பருவமழை நாடுகளிலோ கோடையை ஒட்டிப் பெய்யும் மழை ஓயும்போது பகல் குறைந்துகொண்டு வரும். மழை தணிந்து பூத்தால்தான் மணி பிடிக்கும். இன்னொரு வியப்பும் உண்டு: பர்விஸும் கிரிகரியும் குளிர்கால ரைக்குக் குளிருக்குப் பதிலாக முளைத்த புதிதில் குறும்பகலைக் கொடுத்துப் பார்த்தார்கள். குளிரின் வேலையில் ஒரு பகுதியை அதுவே செய்தது. குளிரும் குறும்பகலும் செடிக்குள்ளே ஒரே கதவின் இரண்டு சாவிகளைப் போல நடந்துகொண்டன.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். பெட்குஸ் 52 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே ஆனியில் பகல் ஏறக்குறைய 17 மணி நேரம், மார்கழியில் 8 மணி நேரம்கூட இல்லை. ஆய்க்குடி 9 டிகிரியில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறைந்த பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். 12 மணி 38 நிமிடத்துக்கும் 11 மணி 36 நிமிடத்துக்கும் இடையிலான இந்தச் சிறு ஆட்டம், அதுவும் ஆறு மாதத்தில் பரவிக் கிடப்பது, நெல்லுக்குத் தெரியுமா? தெரியும். இதற்குச் சான்று நம்மைவிடவும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலேசியாவில் மலாக்கா 2 டிகிரி வடக்கே. அங்கே வருஷம் முழுவதும் பகல் நீளத்தில் 14 நிமிடம்தான் வேறுபாடு. சயாம் 29 என்ற நெல்லை அங்கே ஜனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாள் எடுத்தது. செப்டம்பரில் விதைத்தபோது 161 நாள். 1959இல் நேச்சர் இதழில் வெளியான இந்தக் கணக்கை நம்பச் சிரமமாக இருக்கலாம். 14 நிமிட வெளிச்சத்துக்காக ஒரு புல் கூடுதலாக ஐந்தரை மாதம் காத்திருக்கிறது. மனிதர் கடிகாரம் பார்க்காமல் சொல்ல முடியாத வித்தியாசத்தை நெல் இலை அளக்கிறது.

அளந்ததை இலை எப்படிக் குருத்துக்குச் சொல்கிறது என்பது இந்த நூற்றாண்டில்தான் துலங்கியது. பூக்கச் சொல்லும் ஒரு பொருள் இலையில் உண்டாகி நுனிக்குப் பயணம் செய்கிறது என்று ரஷ்யாவின் மிக்கைல் சைலக்கியான் 1930களில் ஊகித்து அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்துவிட்டார். பொருளைக் கையில் பிடிக்க எழுபது ஆண்டு ஆனது. நெல்லில் எச்டி 3ஏ என்ற புரதம் இலையிலிருந்து குருத்து நுனிக்குப் போவதை 2007இல் ஜப்பானியர் காட்டினார்கள். கோதுமையிலும் பார்லியிலும் விஆர்என் 3 என்று பெயர் வாங்கிய மரபணு தருவதும் இதே குடும்பத்துப் புரதம். தூதுவன் ஒருவன்தான், வாசலை அடைத்து நிற்கிற காவலாளி மட்டும் ஊருக்கு ஊர் வேறு. கோதுமையில் குளிர் வரும்வரை தடுக்கும் மரபணு விஆர்என் 2. நெல்லில் நீண்ட பகலில் தடுக்கும் மரபணு ஜிஎச்டி 7. அதைச் சீனாவின் வூஹானில் 2008இல் அடையாளம் கண்டார்கள். இந்த இரண்டு காவலாளிகளுக்கும்கூடக் குடும்பச் சாயல் இருக்கிறது. ஜிஎச்டி 7 கதிரைத் தாமதப்படுத்துவதோடு நிற்கவில்லை. செடியை உயரமாக்குகிறது, கதிரில் மணி எண்ணிக்கையையும் கூட்டுகிறது. காத்திருக்கும் காலத்தில் செடி சும்மா இருப்பதில்லை என்பது இதற்கு அர்த்தம். பகல் நீளம் பார்த்துப் பூக்கும் இந்தப் பருவ உணர்வை ஒரு குறையாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது முக்கியமான செய்தி.

குறையாகப் பார்த்ததற்கும் நியாயமான காரணம் இருந்தது. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கே. ராமையா 1930களிலேயே நெல் பூக்கும் காலம் மரபில் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ந்தார். அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் வந்தது. அந்தக் காலத்து வேலை பெரும்பாலும் உள்ளூர் நெல்களிலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுப்பதாக இருந்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐஆர் 8 கணக்கையே மாற்றியது. குட்டைச் செடி, உரத்துக்குச் சாயாத தண்டு, அத்தோடு பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத குணம். எந்த மாதத்தில் விதைத்தாலும் ஏறக்குறைய இத்தனை நாளில் அறுக்கலாம் என்று சொல்ல முடிந்தது. அந்த வழியில் நம் பக்கத்துக்குக் கிடைத்த பெரிய கொடை அம்பை 16. ஏடிடி 31க்கும் கோ 39க்கும் பிறந்து 1986இல் வெளியான குண்டு நெல். 110, 115 நாளில் களத்துக்கு வந்துவிடும். கார் பருவத்துக்கு இப்படிப்பட்ட விதைதான் வேண்டும். பருவ உணர்வு உள்ள நெல்லை ஆனியில் நட்டால் ஐப்பசிவரை இலையாகவே நிற்கும். ஆகவே காரில் பழைய குணத்தைக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொன்னால் அது தவறு. பல ஊர்களில் ஒரு போகம் இரு போகமானதும், ரேஷன் கடையில் அரிசி நிறைந்ததும் இந்த விதைகளால்தான். அதைச் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன்.

பிசானத்தில்தான் கணக்கு உதைக்கிறது. 135 நாள் விதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி முதல் தேதி நாற்றுப் பாவினால் தை நடுவில் அறுப்பு. குளம் பெருகத் தாமதமாகி ஐப்பசி நடுவில் பாவினால் அறுப்பு பங்குனி பிறந்தபிறகு. அதாவது பால் பிடித்து மணி முற்றுகிற முக்கியமான மாதம் மாசிக்குள் போய் விழுகிறது. அப்போது கடைமடைக் குளத்தில் சேறுதான் மிஞ்சும். இது தாமதத்தின் நஷ்டம். அவசரத்திலும் நஷ்டம் உண்டு. மழை முந்தி வந்ததை நம்பி 110 நாள் விதையை ஆவணி நடுவில் பாவினால், கதிர் வெளிவருவது கார்த்திகை முதல் வாரத்தில், அடைமழைக்கு நடுவே. நெல் பூ காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் உமியைத் திறக்கிறது. ஒரு மணி நேரம் போல் திறந்திருந்து மூடிக்கொள்கிறது. அதன் மகரந்தம் உயிரோடு இருப்பது சில நிமிடங்களே. அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டும் மழை, களத்தில் பதராக வந்து நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. மார்கழி நெருங்கும்வரை வானத்தை நம்ப முடியாத நாட்டில் பயிர் எப்போது பூக்கிறது என்பது, எத்தனை நாளில் விளைகிறது என்பதைவிடப் பெரிய கேள்வி. பருவ உணர்வு உள்ள விதை இந்தக் கேள்விக்குத் தானே பதில் சொல்கிறது. முன்னால் விதைத்தால் காத்திருக்கிறது. பின்னால் விதைத்தால் இலைப்பருவத்தைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பிடிக்கிறது.

இதற்கு எதிரே வைக்கக்கூடிய பலமான வாதம் ஒன்று உண்டு. குளம் தாமதமானால் குறுகிய கால விதையைப் பாவிக்கொள்ள வேண்டியதுதானே, விதையே எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது அது. வேளாண் துறையும் வழக்கமாக இதைத்தான் பரிந்துரைக்கிறது. தாளில் இது சரி. வயலில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், தாமதம் பெரும்பாலும் நாற்றுப் பாவிய பிறகுதான் தெரியவரும். கிணற்றுத் தண்ணீரில் நாற்றங்கால் போட்டாயிற்று, குளத்துத் தண்ணீர் வந்தால் தொளி அடித்து நட வேண்டும், தண்ணீர் வரவில்லை. குறுகிய கால நெல்லின் நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் பிடுங்கி நட்டாக வேண்டும். அதற்கு மேல் நாற்றங்காலிலேயே அதன் வயது தீர்ந்துகொண்டிருக்கும். நட்டபிறகு தூர் கட்ட நேரமில்லாமல் நாலு சிம்போடு கதிர் வந்துவிடும். நீண்ட கால ரகங்களுக்கு 35, 40 நாள்வரை பொறுமை உண்டு. பருவ உணர்வு உள்ள பழைய நெல்களை வங்கத்துப் பள்ளக்கால் வயல்களில் அதைவிடவும் முற்றிய நாற்றாக நடுகிறார்கள். பகல் குறையும்வரை அந்தச் செடிக்குள் கதிர் தொடங்காது என்பதால் நாற்று வயதாவதில்லை, உயரமாகிறது, அவ்வளவுதான். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவருக்கு இதைவிட நல்ல காப்பீடு எது? அதற்கு எல்லை இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு நெல்லுக்கும் வெளிச்சம் எதுவானாலும் குறைக்க முடியாத ஓர் இளமைக்காலம் உண்டு. கார்த்திகை கடைசியில் பாவிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து அறுக்க எந்த விதையாலும் முடியாது. தாமதமாக நட்ட பயிரில் தூரும் குறையும். நெருக்கி நட்டும் குத்துக்கு நாற்றைக் கூட்டியும்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

பழைய நெல் சாய்ந்துபோகும், விளைச்சல் குறைவு என்பது அடுத்த மறுப்பு. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் ஆளுயரம் வளர்கின்றன, உரம் கண்டால் படுத்துவிடுகின்றன, உண்மைதான். ஆனால் சாய்வதற்கும் பருவ உணர்வுக்கும் காரணம் ஒன்றல்ல. ஐஆர் 8ஐக் குட்டையாக்கிய மரபணு வேறு, பகல் நீளத்தைப் பார்க்கிற மரபணுக்கள் வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சேர்க்க முடியும். ஆந்திரத்தின் சுவர்ணா குட்டை நெல்தான், ஓரளவு பருவ உணர்வும் உள்ளது. கிழக்கிந்தியாவின் மழை நம்பிய வயல்களில் அது லட்சக்கணக்கான ஏக்கரில் விளைகிறது. தாய்லாந்தின் கதை இன்னும் தெளிவு. அந்த நாட்டின் புகழ்பெற்ற மல்லிகை அரிசி 1959இல் வெளியிட்ட காவ் டாக் மாலி 105 என்ற நெல். உயரமானது, உரத்துக்குச் சாய்வது, முழுக்கப் பருவ உணர்வு உள்ளது. நடவு எப்போது நடந்தாலும் வடகிழக்குத் தாய்லாந்தில் அது மழை ஓய்கிற ஐப்பசியில் பூத்துவிடும். மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாத மேட்டு வயல் விவசாயி அதை இன்றும் விடவில்லை. விலையும் அதற்கு ஒரு காரணம். ஆனால் விலை இருந்தும் வயலில் நிற்காத பயிரை யாரும் அறுபது வருஷம் கட்டிக்கொண்டு அழ மாட்டார்கள்.

பருவமே மாறிக்கொண்டிருக்கும்போது பருவத்தில் கட்டுண்ட விதை எதற்கு என்பாரும் உண்டு. புவி சூடாவதால் முதலில் அடிபடுவது ரையின் நாட்காட்டிதான். குளிர் போதாத குளிர்காலம் வந்தால் அதற்குச் செய்தி சரியாகப் போய்ச் சேராது. பகல் நீளமோ சூட்டினால் மாறாது. நெல்லின் நாட்காட்டி அந்த வகையில் உறுதியானது. அது காட்டும் வாரமும் மழை ஓயும் வாரமும் விலகிப்போகலாம் என்பதே உண்மையான அச்சம், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து ஒரே விதையை எல்லா வயலிலும் போடாமல் இருப்பது. மேல்மடைக்கு ஒன்று, கடைமடைக்கு ஒன்று, பத்து நாள் முன்னும் பின்னுமாகப் பூக்கும் மூன்று நான்கு விதைகள். சிற்றாறு போய்த் தாமிரபரணியில் கலக்கும் முக்கூடலைப் பாடிய பள்ளு, நெல் பெயர்களை வரிசையாக அடுக்குகிறது. அத்தனை பெயர் இருந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீண்ட நாள் நிற்கும் பயிர், மழை நல்ல வருஷத்தில் பிசானத்துக்குப் பின்னால் உளுந்து போட இடம் விடாது என்பதும் நஷ்டம்தான். அதனால்தான் இது எல்லா வயலுக்கும் சொல்லும் யோசனை ஆகாது. தண்ணீர் கடைசியாக வந்து முதலில் வற்றுகிற குளங்களுக்கு மட்டும் சொல்வது.

பிறகு ஏன் ஆராய்ச்சி இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை? பருவ உணர்வு உள்ள நெல்லை வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான் வளர்க்க முடியும். இருட்டறை வைத்துக் குறும்பகல் காட்டினால்தான் வேகம் கூடும். ஓர் ஊரில் சோதித்த ரகம் இன்னோர் அகலக்கோட்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எங்கும் ஒத்துப்போகும் ரகத்துக்கே மதிப்பு என்று வளர்ந்த முறையில் இது ஆராய்ச்சியாளருக்கு இரட்டை வேலை. பொறுமையும் வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் யூலியுஸ் கூன் 1878இல் ஒரு நிலத்தில் குளிர்கால ரை விதைத்தார். ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. அந்தச் சோதனை இன்றுவரை நடக்கிறது. ஆட்சிகளும் போர்களும் வந்து போயின, ரை விதைப்பது நிற்கவில்லை. 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு அப்படி ஒரு பாத்தி வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில்தான் இருக்கிறது, நிலையத்துக்கு எண்பது வருஷத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது.

தொடங்குவதற்கு அதிகம் தேவையில்லை. கடைமடைக் குளத்துக்குக் கீழே இரண்டு மரக்கால் விதைப்பாடு நிலம் போதும். நாட்டுச் சம்பாக்களில் நான்கைந்து, ஒப்பிட அம்பை 16. ஒவ்வொன்றையும் ஆவணி நடு, புரட்டாசி முதல், புரட்டாசி நடு, ஐப்பசி முதல் என்று நான்கு தேதியில் பாவி, ஒரே வயலில் நட வேண்டும். நட்டு ஒரு மாதம் கழிந்ததும் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு சிம்பைப் பிடுங்கி, வேரடியிலிருந்து மேலாகப் பிளேடால் நெடுக்கே பிளக்க வேண்டும். இலை உறைகளுக்கு நடுவே, கடைசிக் கணுவுக்கு மேலே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தால் அதுதான் கதிரின் பிறப்பு. அன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூ, அதிலிருந்து இன்னொரு மாதத்தில் அறுப்பு. அம்பை 16இன் நான்கு பாத்திகளிலும் அந்த வெள்ளை முனை பதினைந்து பதினைந்து நாள் இடைவெளியில் தெரியும். சம்பாப் பாத்திகள் நான்கிலும் அது ஒரே வாரத்தில் தெரிகிற விதை எது, அந்த வாரம் எது என்று தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். காஸ்னர் 1918இல் வெளியிட்ட ஆய்வில் செய்ததும் இதைப் போன்றதுதான். அவருக்காவது குளிர வைக்க ஓர் அறை தேவைப்பட்டது.